ஆக்டோபஸை ஆள்வது தலையா, கையா?

1904 செப்டம்பரில் 'பக்' என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகையில் உடோ கெப்லர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்தது. பெரிய எண்ணெய்த் தொட்டி. அதற்குக் கண் முளைத்து, அடியில் கைகள் முளைத்து, ஆக்டோபஸாகிவிட்டது. தொட்டியின் மேல் 'ஸ்டாண்டர்ட் ஆயில்' என்று அன்றைய பெரும் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறது. எஃகு, செம்பு, கப்பல் தொழில்களைச் சில கைகள் வளைத்திருக்கின்றன. ஒரு கை மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தையும், இன்னொன்று நாடாளுமன்றத்தையும் சுற்றிப் பிடித்திருக்கிறது. மிச்சமிருக்கும் கை வெள்ளை மாளிகையை நோக்கி நீள்கிறது. படத்தின் தலைப்பு 'அடுத்தது!'

யாரும் விளக்க வேண்டியதில்லாத படம். அதனால்தான் நூறு ஆண்டுகள் தாண்டியும் அதையே பெயர் மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருக்கிறார்கள். எண்ணெய் போய் வங்கி வந்தது, அப்புறம் உளவுத்துறை வந்தது, இப்போது தொழில்நுட்ப நிறுவனங்களின் முறை. ஊழலைப் பற்றியோ பெருநிறுவனத்தைப் பற்றியோ எழுத உட்கார்ந்தால் 'ஆக்டோபஸ் கரங்கள்' கூப்பிடாமலே வந்து நிற்கின்றன.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. கைகள் எட்டு, தலை ஒன்று. தலை திட்டமிடும், கைகள் கீழ்ப்படியும் என்கிறது படம். நிஜ ஆக்டோபஸ் அப்படி வாழ்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், அது நிஜமாக வாழும் விதத்தைப் பார்த்தால், மறைந்திருக்கும் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பது கெப்லரின் படத்தைவிட நன்றாகவே புரிகிறது.

முதலில் விலங்கு. சாதாரண ஆக்டோபஸ் ஒன்றின் உடலில் சுமார் 50 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கையின் நடுவிலும் தடித்த நரம்புத் தண்டு ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு உறிஞ்சிக்கும் தனியாக ஒரு சிறு நரம்பு முடிச்சு உண்டு. அந்த உறிஞ்சிகள் பிடிப்பதோடு நிற்பதில்லை, தொட்டே சுவை பார்க்கின்றன. அதற்கான புரத உணரிகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2020-ல் விவரித்தார்கள். பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவும்போது, விரல்நுனிக்குச் சமமான அந்த இடத்திலேயே அது நண்டா கல்லா என்பது முடிவாகிவிடுகிறது. தலையிடம் கேட்டு, பதில் வந்து, பிறகு பிடிப்பதென்றால் நண்டு போய்விட்டிருக்கும்.

2001-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தினர் செய்த சோதனையில், மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட கையைத் தூண்டிப் பார்த்தார்கள். இரையை எட்டிப் பிடிக்க முழு விலங்கு எப்படிக் கையை நீட்டுமோ, அதே வளைவோடு, அதே பாணியில் அந்தக் கை நீண்டது. நீட்டும் வித்தை கைக்குள்ளேயே இருக்கிறது. தலை செய்வது 'ஆரம்பி' என்று சொல்வதுதான்.

அப்படியானால் நூற்றுக்கணக்கான உறிஞ்சிகள் கொண்ட எட்டுக் கைகள், கிடைத்ததையெல்லாம் பற்றும் இயல்போடு, தங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? எந்தக் கை எங்கே இருக்கிறது என்ற முழுக் கணக்கு தலையிடம் இருப்பதாகத் தெரியவில்லை. இதற்கு விடை 2014-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வெட்டிய கை, நீட்டிய எதையும் பற்றிக்கொண்டது. ஆக்டோபஸ் தோலை மட்டும் பற்றவில்லை. தோலை உரித்த கையைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டது. தோலின் சாற்றைத் தடவிய தட்டில் பிடிமானம் தளர்ந்தது. ஆக, தோலில் இருக்கும் ஏதோ வேதிப்பொருள், 'இது நம்ம ஆள், விடு' என்று உறிஞ்சியிடம் சொல்லிவிடுகிறது. ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உட்கார்ந்து எட்டுக் கைகளையும் மேய்க்கத் தேவையில்லை. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

இதற்காகத் தலை சும்மா இருக்கிறது என்று சொல்லவரவில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீருக்கு வெளியே போகும் புதிர்ப்பாதை ஒன்றில் ஒற்றைக் கையைக் கண்ணால் பார்த்து வழிநடத்த ஆக்டோபஸ்கள் கற்றுக்கொண்டன. வேண்டுமென்றால் தலை குறுக்கிடும். ஆனால் அன்றாடப் பிழைப்பில் தலை திசையைக் காட்டுகிறது, மற்றதைக் கைகள் பார்த்துக்கொள்கின்றன.

ஆக்டோபஸ் பற்றி எழுதினால் மூன்று இதயம், நீல ரத்தம் என்று ஆரம்பிப்பது வழக்கம். அதில் ஒரு விஷயம் மட்டும் இங்கே வேண்டும். மூன்றில் இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. ஆக்டோபஸ் நீந்தும்போது உடம்புக்கான இதயம் நின்றுவிடுகிறது. அதனால் கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போகும். ஊர்ந்து போவதுதான் அதற்குச் சௌகரியம். பூகோளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கண்டங்களைச் சுருட்டுவதாக வரையப்படும் பிராணியின் நிலைமை இது. ஓடு கிடையாது, எலும்பு கிடையாது. உடம்பில் கெட்டியான பகுதி என்றால் கிளி அலகு போன்ற வாய் மட்டும்தான். விலாங்கு, சீல், சுறா என்று பலருக்கு அது நல்ல தீனி. நொடிக்குள் நிறம் மாற்றுவதும், தோலைப் பாசி படிந்த பாறைபோல் மேடு பள்ளமாக்கிக்கொள்வதும், மையைத் துப்பிவிட்டு நழுவுவதும் பலவீனமான உடம்பின் தற்காப்பு.

அவ்வளவு மறைந்து வாழும் பிராணியைக் கடலில் மூழ்குபவர்களும் ஆய்வாளர்களும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வாசலைப் பார்த்து. ஆக்டோபஸ் இரையைப் பொந்துக்குக் கொண்டுவந்து தின்னும். நண்டு ஓடுகளையும் சிப்பிகளையும் வெளியே தள்ளிவிடும். அந்தக் குவியல்தான் முகவரி. அரிஸ்டாட்டில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதே அரிஸ்டாட்டில், தண்ணீருக்குள் விட்ட மனிதக் கையை நோக்கி அதுவாகவே வருகிறது என்பதை வைத்து ஆக்டோபஸை முட்டாள் என்றும் சொல்லிவிட்டார். பின்னாளில் புத்திசாலித்தனம் என்று பாராட்டப்பட்ட ஆர்வம், அன்று முட்டாள்தனமாகத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கூச்சக்காரப் பிராணி பூதமானது 19-ஆம் நூற்றாண்டில். அதன் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையாளர் தெனி த மோன்ஃபோர், ஒரு முழுக் கப்பலைச் சுற்றிப் பிடிக்கும் பிரம்மாண்ட ஆக்டோபஸைப் படமாக வெளியிட்டார். 1866-ல் விக்டர் யூகோ நாவலில் ஒரு மனிதனை அதோடு மல்லுக்கட்ட வைத்த பிறகு, பாரிஸே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் அது அரசியலுக்குள் நுழைந்துவிட்டது.

1877-ல் பிரிட்டனில் ஃபிரெட் ரோஸ் வெளியிட்ட கேலி வரைபடத்தில் ரஷ்யா ஆக்டோபஸ். ஐரோப்பாவுக்குள் கை நீட்டுகிறது. 1904-ல் ரஷ்ய-ஜப்பான் போரின்போது ஜப்பானிய மாணவர் கிசாபுரோ ஒஹாரா அதே யோசனையை எடுத்துக்கொண்டு கரிய ரஷ்ய ஆக்டோபஸை ஆசியாவரை நீட்டினார். 1944-ல் நெதர்லாந்துச் சுவரொட்டியில் ஜப்பானே ஆக்டோபஸாகிவிட்டது. அதன் பிடியில் இருப்பது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா. 'இந்தியத் தீவுகள் விடுதலை பெற வேண்டும்' என்பது வாசகம். அந்தத் தீவுகளை மூன்று நூற்றாண்டுகளாகப் பிடித்துவைத்திருந்தவர்களே இதை அச்சடித்தார்கள் என்பதைச் சுவரொட்டி சொல்லவில்லை. பிரான்ஸில் நாஜி ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி ஆட்சியின் ஆதரவுப் பிரசாரம் சர்ச்சிலை ஆக்டோபஸாக்கி, வெட்டுப்பட்ட கைகளிலிருந்து ரத்தம் சொட்டுவதாகக் காட்டியது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடக்கூடிய உருவம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் அது தொழில் முதலாளிகளுக்குப் போனது. 1882-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'வாஸ்ப்' பத்திரிகையில் ஃபிரெடரிக் கெல்லர், சதர்ன் பசிஃபிக் ரயில்வேயை ஆக்டோபஸாக வரைந்தார். அதன் இரு கண்களுக்குள் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட், சார்லஸ் கிராக்கர் முகங்கள். கைகளில் கோதுமை, மரம், சுரங்கம், சரக்கு வண்டி எல்லாம். ஒரு மூலையில் கல்லறைகளும் உண்டு. அவை 1880 மே 11-ல் மஸ்ஸல் ஸ்லூ என்ற இடத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையை நினைவூட்டின. ஏக்கர் 2.50 டாலரிலிருந்து கிடைக்கும் என்று நம்பி நிலத்தைப் பண்படுத்திய குடியேறிகளிடம் பிறகு 17 முதல் 40 டாலர் வரை கேட்டது ரயில்வே. தகராறு முற்றி ஏழு பேர் செத்தார்கள்.

கெப்லர் வரைந்த ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கே வருகிறேன். கை எது, தலை எது என்று பார்க்க அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜான் ராக்ஃபெல்லர் 1870-ல் ஓஹையோவில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1872-ல் ரயில்வேக்களோடு ஓர் ஏற்பாடு உருவானது. ஏற்பாட்டுக்குள் இருக்கும் ஆலைகளுக்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. அது போதாதென்று, வெளியே இருக்கும் போட்டியாளர்கள் கட்டும் கட்டணத்திலும் ஒரு பங்கு இவர்களுக்கு வரும். அதாவது எதிராளி ஒவ்வொரு பீப்பாய் அனுப்பும்போதும் இவர்களுக்குக் காசு. எண்ணெய் வயல்களில் எதிர்ப்பு வெடித்ததால் ஏற்பாடு நடைமுறைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பயம் காற்றில் இருந்த சில வாரங்களுக்குள் கிளீவ்லண்டில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22-ஐ ராக்ஃபெல்லர் வாங்கிவிட்டார். 1880 வாக்கில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவர்கள் கையில்.

இதில் எங்கே மறைவு? வாங்கப்பட்ட நிறுவனங்கள் பல, பழைய பெயரிலேயே, சுதந்திர நிறுவனங்கள் போலவே இயங்கின. ஸ்டாண்டர்டை வெறுத்து அவர்களிடம் எண்ணெய் வாங்கியவர்கள் ஸ்டாண்டர்டிடம்தான் வாங்கினார்கள். ரயில் நிலையச் சரக்குக் குமாஸ்தாக்கள் போட்டியாளர்களின் பீப்பாய்க் கணக்கைக் குறித்து அனுப்பினார்கள். மறுநாளே அந்த ஊர் வியாபாரியிடம் விலையைக் குறைத்துக்கொண்டு ஸ்டாண்டர்டின் ஆள் போய் நிற்பார். எந்தக் குமாஸ்தாவும் தலையைப் பார்த்ததில்லை. ரயில்வேக்கு வேண்டியது நிலையான சரக்கு, குமாஸ்தாவுக்கு வேண்டியது சில்லறை, உள்ளூர் விற்பனையாளருக்கு வேண்டியது தன் வட்டாரத்தின் விற்பனைக் கணக்கு. அவரவர் தொட்டதை அவரவர் பிடித்தார்கள். ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தலை என்று எல்லோரும் காட்டிய ராக்ஃபெல்லர், 1897 வாக்கிலேயே அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். குழுக்கள் நிறுவனத்தை நடத்தின, ஜான் ஆர்ச்போல்ட் முன்னால் நின்றார். பத்திரிகைகள் ராக்ஃபெல்லரைத் திட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். அவர் குற்றமற்றவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முறையைக் கட்டியவரே அவர்தான். கட்டிய முறை அவரில்லாமலும் ஓடியது.

அம்பலமானதும் வாசல் குவியலால்தான். பத்திரிகையாளர் ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை எழுதிய தொடருக்கு ரகசியக் கூட்ட அறைகளுக்குள் அவர் நுழையவில்லை. நீதிமன்ற வாக்குமூலங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், சரக்குக் கட்டணப் பட்டியல்கள் என்று வெளியே கிடந்ததைப் பொறுமையாகப் பொறுக்கினார். குமாஸ்தாக்கள் அனுப்பிய உளவுக் கணக்கு கிடைத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டாண்டர்ட் அலுவலகம் ஒன்றில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு பையனுக்கு. எரிக்கப்போன தாளில் தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டது. அவனுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயர். அவர் ஒரு சிறு எண்ணெய் வியாபாரி. அவர் அனுப்பிய சரக்கு விவரம் அதில் இருந்தது. பையன் தாள்களை அவரிடம் கொடுக்க, அவை டார்பெல்லிடம் வந்து சேர்ந்தன.

1911-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டை 34 நிறுவனங்களாகப் பிரிக்க உத்தரவிட்டது. பழைய பங்குதாரர்களுக்கே ஒவ்வொரு துண்டிலும் பங்கு கிடைத்தது. பங்கு விலைகள் ஏறின. ராக்ஃபெல்லர் முன்பைவிடப் பணக்காரரானார். துண்டுகள் தனித்தனியாக நீந்தின. அவற்றில் பெரியவையான நியூஜெர்சி, நியூயார்க் துண்டுகள் பின்னாளில் எக்சான், மொபில் ஆகி, 1999-ல் மறுபடி ஒன்றாகின.

மத்திய அமெரிக்காவில் ஆக்டோபஸ் என்றே மக்கள் பெயர் வைத்துக் கூப்பிட்ட நிறுவனமும் உண்டு: 1899-ல் உருவான யுனைடெட் ஃப்ரூட். வாழைப்பழ வியாபாரம். குவாத்தமாலாவில் நிலம், ரயில்பாதை, அட்லாண்டிக் கரைத் துறைமுகம் எல்லாம் அதன் பிடியில். 1952-ல் ஹாகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து, பயிரிடாமல் போட்டிருந்த நிலத்தை எடுத்தது. நிறுவனம் வரிக்காகக் காட்டியிருந்த மதிப்பையே இழப்பீடாகக் கொடுக்க முன்வந்தது: சுமார் 6.27 லட்சம் டாலர். அமெரிக்க வெளியுறவுத்துறை நிறுவனத்துக்காகக் கேட்டது ஏறத்தாழ 1.58 கோடி டாலர். வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு இருந்த சட்ட நிறுவனம் யுனைடெட் ஃப்ரூட்டுக்கு வேலை செய்தது. அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் சிஐஏ தலைவர். 1954 ஜூன் 27-ல் சிஐஏ நடத்திய நடவடிக்கையால் ஆர்பென்ஸ் பதவி விலகினார்.

இதுவரை கேட்டால் கெப்லர் படம் சரிதானே என்று தோன்றும். ஆனால் ஜூலை 2-ல், ஐந்தே நாளில், அமெரிக்க நீதித்துறை யுனைடெட் ஃப்ரூட் மீது ஏகபோகத்துக்கு எதிரான வழக்குத் தொடுத்தது. 1958-ல் நிறுவனம் தன் தொழிலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கம்யூனிசப் பயத்தில் ஒரு கை நிறுவனத்துக்குச் சாதகமானதைச் செய்தது. அதே உடம்பின் இன்னொரு கை அதே நிறுவனத்தின் கழுத்தைப் பிடித்தது. ஒற்றைத் தலைக் கதையில் இந்த ஐந்து நாட்களை எங்கே வைப்பது?

ஒற்றைத் தலை என்று நம்ப ஆரம்பித்தால் அடுத்த கேள்வி 'யாருடைய முகம்?' என்பதுதான். ஆபத்து அங்கே தொடங்குகிறது. 1894-ல் அமெரிக்கப் பணக் கொள்கை பற்றிய விவாதத்தில், தங்கத்தை மட்டுமே தின்னும் ஆங்கில ஆக்டோபஸ் என்று ஒரு படம் வந்தது. உலக வரைபடத்தில் பிரிட்டன் மேல் உட்கார்ந்திருக்கும் அதன் மேல் ராத்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பத்தின் பெயர். 1938 வாக்கில் 'செப்லா' என்ற நாஜி ஆதரவு ஓவியர், பூகோளத்தைப் பிடித்த ஆக்டோபஸின் தலைக்கு மேல் யூத நட்சத்திரத்தை வரைந்தார். கடன் நெருக்கடிக்கும், பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்த 'தங்கத் தரம்' என்ற முறைக்கும் காரணங்கள் இருந்தன. அவற்றைப் படிக்க நேரம் பிடிக்கும். முகத்தைக் காட்டினால் நேரம் மிச்சம். இந்தப் படத்தைப் பொய்யென்று நிரூபிக்கவும் முடியாது. கை தெரிந்தால் 'பார், கை!', தெரியாவிட்டால் 'பார், எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறது!' டார்பெல் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அவரிடம் எந்த ரயில்வே, எந்த ஆண்டு, பீப்பாய்க்கு எவ்வளவு என்ற கணக்கு இருந்தது. செப்லாவிடம் ஒரு நட்சத்திரம் மட்டும்தான் இருந்தது.

உவமை இன்னோர் இடத்திலும் கவிழ்கிறது. பெரும்பாலான ஆக்டோபஸ்கள் ஓரிரண்டு ஆண்டுகளே வாழ்கின்றன. பெண் லட்சக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றைக் காத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்து செத்துப்போகும். கலிஃபோர்னியாவின் மான்டரே கடலடியில் ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் 53 மாதம் அப்படி அடைகாத்ததை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சுவதில்லை. கற்ற வித்தையெல்லாம் ஒரு தலைமுறையோடு சரி. 1870-ல் பதிவான ஒரு நிறுவனம் சாகாது. அதன் பங்கு பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும். அதிகாரம் சேர்வது இந்தச் சாகாத தன்மையால்தான். எந்தக் கேலிச்சித்திரமும் அதை வரைந்து நான் பார்த்ததில்லை. வரைவது கஷ்டம்தான்.

திட்டு வார்த்தையாக இருந்ததைப் பின்னாளில் அதிகாரமே சட்டையில் குத்திக்கொண்டது. 2013 டிசம்பரில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களை இயக்கும் தேசிய உளவு அலுவலகம் ஏவிய ராக்கெட்டின் சின்னத்தில், பூகோளத்தின் மேல் கை விரித்த ஆக்டோபஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. கீழே வாசகம்: 'எங்கள் கைக்கு எட்டாதது எதுவுமில்லை.' எட்வர்ட் ஸ்னோடன் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்டு ஆறு மாதமே ஆகியிருந்தது. இணையம் முழுக்க, பாருங்கள், ஒளிக்கக்கூட இல்லை என்று பேச்சு. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பின்னர் வெளிவந்த ஆவணங்களில் சின்னத்தின் பூர்வீகம் இருந்தது. சோதனையின்போது கோளாறு செய்து பொறியாளர்களைப் படாதபாடு படுத்திய கேபிள் கட்டு ஒன்றுக்குப் பெயர் 'ஆக்டோபஸ்'. அந்த எரிச்சலில் பிறந்த உள்வீட்டு நகைச்சுவையைச் சின்னமாக்கினார்கள். வழக்கமான கையெழுத்துகள் விழுந்தன. வெளியே அது எப்படித் தெரியும் என்று வழியில் யாரும் கேட்கவில்லை.